சூடு ஆறும்வரை

"அம்மா, எஞ்சின் சூடு காட்டுற முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு. உன் பெரிய பையனை வண்டியை ஓரங்கட்டச் சொல்லு."

சொன்னவன் தம்பி. ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஒரு முழம் தள்ளித்தான் இருந்தான். ஆனாலும் பேச்சு பின்சீட்டு அம்மா வழியாகத்தான் போயாக வேண்டும். இரண்டு வருடமாக அப்படித்தான்.

அப்பா விட்டுப்போன பெயின்ட் கடையை இரண்டாகப் பிரிக்க இன்று ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்து. அம்மாவும் போட வேண்டும். "ஆளுக்கொரு கார்ல வந்தா நான் எதுல ஏறுறது?" என்று அவள் கேட்டதால், மாதக்கணக்கில் எடுக்காமல் கிடந்த அப்பாவின் பழைய காரில் மூவரும் கிளம்பியிருந்தார்கள்.

பானெட்டைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. தம்பி ரேடியேட்டர் மூடிமேல் கை வைக்கப் போனான்.

"அம்மா, அவனை மூடியைத் தொட வேணாம்னு சொல்லு. கொதிக்கிற தண்ணி மூஞ்சியில பீச்சியடிக்கும்."

"தொட வேணாமாம்டா."

"பக்கத்து டப்பாவுல தண்ணி சரியாத்தான் இருக்கு, ஒழுகலும் இல்லன்னு அவர்கிட்ட சொல்லு."

"ரேடியேட்டர் எது, ரேடியோ எதுன்னு தெரியாதவளை ஏன்டா இழுக்கிறீங்க? கத்திக் கத்தித் தொண்டை வத்திப்போச்சு!" என்ற அம்மா, விடுவிடுவென்று தூரத்து மரநிழலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இருவரும் எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பெரிய ரோட்டுல முள்ளு நடுவுலதான் இருந்துச்சு," என்றான் அண்ணன், எஞ்சினிடம். "சிக்னல்ல நின்னப்போதான் ஏறுச்சு."

தம்பியின் கண்கள் விரிந்தன. "ஓடும்போது எதிர்காத்தே ரேடியேட்டரை ஆத்திடும். நின்னா ஃபேன்தான் ஆத்தணும். அப்போ ஃபேன் சுத்தலண்ணா!"

'அண்ணா' நழுவி விழுந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

"மோட்டார் போச்சோ?"

"பேட்டரியிலேருந்து நேரா ஒயர் குடுத்துப் பாப்போம். சுத்துனா மோட்டார்மேல தப்பில்ல."

டிக்கியில் கிடந்த ஒயரை வைத்ததும் ஃபேன் விர்ரென்று சுற்றியது. தம்பி துள்ளிப் பின்னால் குதித்தான். அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

"மோட்டார் நல்லாருக்கு. கரன்ட்தான் வந்து சேரல. ஃபியூஸைப் பாருடா, கருகியிருக்கா?"

"கருகல. ஃபியூஸே இல்ல!"

"ஒர்க்ஷாப்ல கழட்டினவன் மறந்துட்டான் போல. ஹாரன் ஃபியூஸைப் பிடுங்கி இதுல போடு."

"அப்போ ஹாரனுக்கு?"

"நீதான் இருக்கியே. தலையை வெளிய நீட்டிக் கத்து."

எஞ்சின் ஓடியது, ஃபேன் சுற்றியது, முள் மெல்ல இறங்கியது. அம்மா வந்து ஏறிக்கொண்டாள்.

"ஆபீஸை மூடியிருப்பாங்க," என்றான் அண்ணன்.

"மூடட்டும். கடையைப் பிரிச்சா, அந்தக் கலர் கலக்குற மிஷின் யாருக்குண்ணா?"

"பிரிச்சாத்தானேடா?"

அண்ணன் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினான். முன்சீட்டில் பேச்சு ஓயவே இல்லை.

பின்சீட்டில் அம்மா கைப்பையைத் திறந்து, அடியில் கிடந்த அந்தச் சின்ன ஃபியூஸைக் கைக்குட்டையால் மூடினாள். ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாத மகளையும் மருமகளையும் அடுத்த வாரம் இதே வண்டியில் கூட்டிப்போகும்போது ஃபியூஸ் போதாது, எஞ்சின் பெல்ட்டையே கழற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.