விழுங்காத மருந்து

“எந்தக் கடையில வாங்கினீங்கன்னு மட்டும் சொல்லுங்க பெரியப்பா. நான் திட்ட மாட்டேன்.”

இதைக் கேட்கிற ஆறாவது ஆள் இவர். முதலில் எங்கள் பக்கத்து ஊரான ஃபாங் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அங்கிருந்து ஆம்புலன்சில் ஏற்றிச் சியங் மாய்க்கு அனுப்பினார்கள். இங்கே வந்ததும் வராததுமாகக் கேட்டார்கள். இப்போது இந்தச் சின்ன டாக்டர். என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவரும் தூங்கி எத்தனை நாளோ.

“எங்கயும் வாங்கல டாக்டரம்மா.”

என் குரலில் சலிப்பு இருந்தது. அதை மறைக்கத் தெம்பில்லை.

பதினோரு நாளாகக் கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுக் கிடக்கிறேன். கட்டிலில் என் மனைவி புன்மா. சிறுநீரில் பிடித்த கிருமி இரத்தத்துக்கு ஏறிவிட்டது. ஊசி மாற்றி ஊசி போட்டுப் பார்த்துவிட்டார்கள். காய்ச்சல் காலையில் இறங்கும், சாயங்காலம் மறுபடி ஏறும்.

டாக்டர் கையில் ஒரு தாள் இருந்தது. புன்மாவின் இரத்தத்தில் இருக்கும் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று பரிசோதித்து எழுதிய பட்டியல். மொத்தம் பதினான்கு மருந்து. பதின்மூன்றுக்கு நேரே ‘கேட்காது’.

மிச்சமிருந்த ஒன்றை இன்று தொடங்குகிறார்கள். அது சிறுநீரகத்தைக் கெடுத்தாலும் கெடுக்கும் என்று என்னிடம் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. அதுவும் கேட்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

“அடிக்கடி ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவங்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படி ஆகும். கிருமி மருந்துக்குப் பழகிடும். இவங்களுக்குப் பழகியிருக்கற அளவு சாதாரணமில்ல. அதான் கேக்கறேன்.”

சாப்பிட்டால்தானே. புன்மாவுக்கு மாத்திரை தொண்டையில் இறங்காது. தலைவலி என்றால் மூக்கில் தைலக் குச்சியை வைத்து உறிஞ்சுவாள். காய்ச்சல் என்றால் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பாள். முதுகுவலிக்குக் கடைக்காரன் நாலைந்து நிறத்தில் மாத்திரைகளைச் சேர்த்துப் பொட்டலமாகக் கொடுப்பானே, அதை வருஷக்கணக்காக விழுங்கியவன் நான். நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அவள் கிடக்கிறாள். இது என்ன நியாயம் என்று யாரிடம் போய்க் கேட்பது?

டாக்டர் நம்பவில்லை. பேனாவை மூடப் போனார்.

அப்போதுதான் புன்மா கண்ணைத் திறந்தாள். காய்ச்சல் வேகத்தில் இரண்டு நாளாக ஏதேதோ பேசுகிறாள். இது தெளிவாகத்தான் இருந்தது.

“ஏங்க, இந்த மாசம் யாரு மருந்து உடைக்கிறது? காத்துல வச்சு உடைச்சிராதீங்க. மூஞ்சியெல்லாம் அப்பிக்கும்.”

“எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ தூங்கு.”

பேனா நின்றது.

“என்ன மருந்து உடைக்கணும்?”

எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. பதினோரு நாளில் முதல் சிரிப்பு.

“அது மனுஷங்களுக்கு இல்ல டாக்டரம்மா. ஆரஞ்சு மரத்துக்கு.”

எங்கள் பக்கம் நிறையத் தோப்பில் இதுதான் வழக்கம். இலை மஞ்சளடித்தால் மரம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு முன்னால் அடிமரத்தில் துளை போட்டு, மருந்து கரைத்த தண்ணீரைக் குழாய் வைத்து ஏற்றிவிட வேண்டும். ஒரு மாதம் விட்டாலும் இலை காட்டிக்கொடுத்துவிடும். மருந்து கேப்சூலாகத்தான் டப்பாவில் வரும், ஒரு டப்பாவில் ஐந்நூறு இருக்கும். ஒவ்வொன்றாகத் திருகிப் பிரித்து, உள்ளே இருக்கும் தூளை வாளியில் தட்ட வேண்டும். மரத்தால் விழுங்க முடியாதே.

இதையெல்லாம் நான் உற்சாகமாகவே சொன்னேன். வேறு எதையாவது பேசக் கிடைத்ததே என்றிருந்தது.

டாக்டர் மருந்தின் பெயரைக் கேட்டார். பெயரெல்லாம் யாருக்கு வாயில் நுழைகிறது. கடைக்காரனிடம் காட்டுவதற்காகப் போனில் டப்பாவைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைக் கொடுத்தேன்.

அவர் போனைத் தாளின் மேல் வைத்தார். ‘கேட்காது’ என்றிருந்த முதல் வரிக்குப் பக்கத்தில். எனக்கு அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாது. ஆனால் இரண்டும் ஒன்றுபோல இருந்தன.

“எத்தனை வருஷமா உடைக்கறாங்க?”

“பதினாறு.”

“கையுறை? முகமூடி?”

“கையுறை போட்டா கேப்சூல் வழுக்கும்மா. வேல ஓடாது.”

அவர் கொஞ்ச நேரம் புன்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது பெரியப்பா” என்றார். குரலில் இருந்த சந்தேகம் போய்விட்டது. அது இருந்திருந்தாலே தேவலை. “ஆனா பதினாறு வருஷமா அந்தத் தூள் மூச்சுல போயிருக்கு” என்றவர் தாளின் ஓரத்தில் எதையோ எழுதினார்.

பிறகு எழுந்துகொண்டே ஒன்று கேட்டார். குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை. எழுதிக்கொள்ளத்தான்.

“தோப்புல இத்தனை பேர் இருக்கீங்க. அந்த வேலை மட்டும் ஏன் எப்பவும் இவங்களுக்கு?”

துளை போடுவது ஆம்பிளைக்கே தோளைக் கழற்றும். தண்ணீர் சுமப்பது அதைவிட மோசம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளால் வெயிலில் நிற்க முடியவில்லை.

நிழலில் உட்கார்ந்தபடியே செய்கிற வேலை அது ஒன்றுதான். மற்றவர்களோடு சண்டை போட்டு நான்தான் அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன்.