தலையில் வைத்த கை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டோர்செட் பார்க் தொடர்மாடியின் பதினோராம் மாடி ஜன்னலால் பனிவெளிச்சம் கட்டிலில் விழுகிறது. கட்டிலில் ஒரு பழைய துவக்கு கிடக்கிறது. பனிக்கோட்டுகளுக்குப் பின்னால், மகளின் குழந்தைப் போர்வையில் சுற்றி ஒளித்திருந்ததைச் சிவமலர் இப்போதுதான் இழுத்தெடுத்தாள். யாரோ வருசக்கணக்காய் முன்னும் பின்னும் இழுத்ததில், குழலுக்குக் கீழே இருக்கும் மரப்பிடி வழவழத்திருக்கிறது. குழலில் பொறித்திருப்பது கடையின் பெயர். மகளுக்குத் தொட்டில் வாங்கிய அதே கடை; முந்தித் துவக்கும் விற்றது. தொட்டில் வாங்கிய அன்றுதான், ஆஸ்பத்திரியில், பிறந்த பிள்ளையின் தலையில் கைவைத்து, "இனித் துவக்கைத் தொடமாட்டன்" என்று, ஊரில் துவக்கோடு திரிந்த அவள் கணவன் ஜெயசோதி சத்தியம் பண்ணினான். அதை நம்பித்தான் இந்த நாலு வருசமும் அவள் நித்திரை கொண்டாள். "வேலையிலை ஒரு வெள்ளைக்காரன் வித்தவன். மான் சுடத்தான், மலர்," என்கிறான் அவன். "மானுக்கெண்டால் ஏன் ஒளிச்சனீங்கள்?" "உதிலை குண்டுகூட இல்லை, பார்," என்று அவன் துவக்கைத் தூக்கி, பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளுகிறான். சளக், சளக். கை கொஞ்சமும் தடுமாறவில்லை. சத்தத்துக்கு மகள் ஓடிவந்து, "அப்பா, அகெய்ன்!" என்று கைதட்டுகிறாள். "வேறை ஒண்டுமில்லை, பிள்ளையாணை," என்று அவன் மகளின் தலைக்குக் கையை நீட்டுகிறான். சிவமலர் பிள்ளையை இழுத்து அணைத்து, அந்தச் சின்னத் தலையைத் தன் இரண்டு கைகளாலும் மூடிக்கொள்கிறாள்.