இறங்காத கை

மகள் கெசியா எவனையாவது காதலித்துத் தொலைப்பதற்குள் பக்தியுள்ள ஒரு பையனுக்குக் கட்டிவைத்துவிட வேண்டும் என்று வடமாலபேட்டை எலியேசர் சபை முழுக்கத் தேடினார். ஞாயிறு ஆராதனையில், கடைசி வரிசையில் கிடைத்தான் பவன்குமார்.

தொளதொள ஜிப்பாவில் இடது கையை உயர்த்தியபடி நின்றிருந்தான். பாட்டு முடிந்தும் கை இறங்கவில்லை. பிரசங்கம் முடிந்தும் இறங்கவில்லை. அறிவிப்புகளுக்குக்கூட உயர்ந்தே இருந்தது.

"ஐயா, யாரு அந்தப் புள்ள?" என்று பாஸ்டரிடம் கேட்டார்.

"போன வாரம் வரைக்கும் வெளிய நின்னு போன் பார்த்துக்கினு இருந்தவன்தான். ஆண்டவர் தொட்டுட்டாரு."

சபை விருந்தில் பிரியாணியையும் ஒரு கையை உயர்த்தியபடியே சாப்பிட்டான். எலியேசருக்குக் கண் கலங்கியது.

"துன்னும்போதும் துதிக்கிறியே தம்பி."

"இறக்க முடியல மாமா," என்றான் பவ்யமாக.

"எம் பொண்ணும் இப்படித்தான். ஆண்டவர் முன்னாடி உக்கார மாட்டேன்னு ஒரு வாரமா நின்னுகினேதான் ஜெபம் பண்றா."

அங்கேயே சம்பந்தம் பேசி முடித்தார்கள். இருவரும் பேசிக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் நாகரிகமாக விலகிப் போனார்கள்.

"தோள் ரொம்ப வலிக்குதா?" என்றாள் கெசியா.

"புத்தூர் கட்டு ஆச்சே. பிரிக்கிற வரைக்கும் கை இப்படித்தான் நிக்குமாம். உன் முட்டி மடங்குதா?"

"எங்க மடங்குது? புடவைக்குள்ள மூங்கில் தட்டை குத்துது. பைக்க மெதுவா ஓட்டுன்னு அன்னிக்கே சொன்னேன்."

"மெதுவா ஓட்டியிருந்தா உங்க நைனா இன்னும் மாப்பிள்ள தேடிக்கினு இருப்பாரு."