தேவநாதன் நாவலின் முடிவு

காலை பத்தரை மணிக்கு, திண்டிவனம் எழுத்தாளர் வட்டத்தின் பதினேழு பேரும் தேவநாதனுக்காக எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனமாக இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை விழுப்புரம் பஸ்ஸில் ஏறப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐம்பத்திரண்டு வயது. அவ்வளவுதான்.

முன் வரிசையில் அவர் மனைவி காயத்ரி. மடியில், மரக்காணம் உப்பளத்தைப் பற்றி அவர் ஆறு வருடம் எழுதிய நாவல். மே மாதமே ஜெராக்ஸ் எடுத்து, வட்டத்தில் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்துக் கருத்துக் கேட்டிருந்தார்.

செயலாளர் குமரேசன் பன்னிரண்டு பக்கம் படித்திருந்தார். இரங்கல் உரைக்கு அது போதும்.

"இத புக்கா கொண்டாரணும்னு அவருக்கு ஆசைங்க," என்றாள் காயத்ரி. "போடற அளவுக்கு இருக்குதான்னு எனக்குத் தெரியல. நீங்கதான் சொல்லணும்."

"என்னாம்மா இப்டி கேக்கற?" தலைவர் நெடுஞ்செழியன் மைக்கைப் பிடித்தார். "கடைசி அத்தியாயம் ஒண்ணு போதும்மா. படிச்சிட்டு அன்னிக்கி எனக்குச் சோறு எறங்கல."

அடுத்துப் பேசிய ஐந்து பேரும் அந்த முடிவைப் பாராட்டினார்கள். குமரேசனும் பாராட்டினார்.

கடைசியாகச் சவுரிராயன் எழுந்தார். விழுப்புரத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். கூட்டத்துக்குக் கூட்டம் தேவநாதனோடு மல்லுக்கு நின்றவர்.

"நடுவுல நாப்பது பக்கம் வெட்டணும். கதையும் முடியல. பாதியில நிக்குது."

"யோவ், செத்தவன்கிட்டயும் சண்டை போட்டுக்கினு இருக்கியே," என்றார் நெடுஞ்செழியன்.

"படிச்சதத்தான் சொல்றேன்."

"எல்லாருக்கும் புடிச்ச முடிவு உனுக்கு மட்டும் கசக்குதா? பொறாமைய வூட்ல வச்சிட்டு வந்திருக்கலாம்."

குமரேசன் போய்ச் சவுரிராயனின் தோளில் கைவைத்தார். "அந்தம்மா எதிர்ல வேணாண்ணே. பஸ்ஸுக்குக் கெளம்புங்க."

சவுரிராயன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

"மனசுல வச்சிக்காதீங்கம்மா. அவரு எப்பவுமே அப்படித்தான்," என்று குமரேசன் காயத்ரியிடம் மன்னிப்புக் கேட்டார்.

"பரவால்லீங்க. அவரு வீடு விழுப்புரத்துல எங்க இருக்குது?"

போய்த் திட்டிவிட்டு வரத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, குமரேசன் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

2025 ஜனவரி 12-ம் தேதி நாவல் வெளியானது. முதல் பக்கத்தில் காயத்ரியின் குறிப்பு: 'கடைசி அத்தியாயத்தை எழுதும் முன்பே என் கணவர் இறந்துவிட்டார். அவர் எழுதி வைத்திருந்ததை முழுவதும் படித்தவர் திரு. சவுரிராயன் ஒருவரே.'