கொத்தனார் கை

"கைய இழுக்காதீங்க மாமா. இன்னும் ஓரம் சொரசொரன்னு இருக்குது."

பஞ்சவர்ணம் கணவனின் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சின்ன அரத்தால் அவன் கட்டைவிரல் நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துண்டு, வாசனையில்லாத கிரீம்.

கரியப்பன் கொத்தனார். சொந்த ஊரான கௌதள்ளியிலிருந்து கரணையும் மட்டப்பலகையுமாக மைசூருக்கு வந்த நாள் முதல் சிமெண்டில் ஊறிய கை அது. உள்ளங்கை மரப்பட்டை மாதிரி வெடித்திருந்தது. நகங்கள் கறுத்து, நுனி பிளந்திருந்தன.

"போதும் அம்மிணி. நர்ஸம்மா நகத்த வெட்டச் சொன்னாங்க. வெட்டியாச்சில்ல?"

"வெட்டினாப் போதுமா? வெட்டின முனை கத்தியாட்ட நிக்கும், அதத் தேச்சு உடோணும்னும் சொன்னாங்களே. நீங்களும் கேட்டுட்டுத்தான இருந்தீங்க."

கீமோ ஏற்றும் வார்டில் விக்டோரியா என்ற அந்த நர்ஸ், நல்ல தமிழில் பொறுமையாகத்தான் சொல்லியிருந்தாள். இந்த மருந்து உடம்புக்குள் போனால் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிடும். கீறல் விழுந்தால் சீக்கிரம் ஆறாது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம், வாசனைச் சோப்பு வேண்டாம், குளித்ததும் ஈரம் காய்வதற்குள் கிரீம் தடவிவிட வேண்டும்.

கேட்டபோது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. போன மாதம் கரியப்பனின் நகம் பட்டு ஒரே ஒரு கீறல் விழுந்தது. அது சீழ் பிடித்து, காய்ச்சலில் கொண்டுபோய் விட்டு, அடுத்த மருந்தையே டாக்டர் தள்ளிவைத்த பிறகுதான் புரிந்தது. அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தன் விரல்களைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அன்றிலிருந்து அவன் வேலைக்குப் போகவில்லை. இரவில் இரண்டு கையிலும் கிரீமைப் பூசி, பருத்தி உறையை மாட்டிக்கொண்டு தூங்கினான். பாத்திரம் கழுவும்போது ரப்பர் உறை. வெடிப்புகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன.

"என்ற கைய இப்பிடி மெத்துனு ஆக்கிப்புட்டீன்னா, நாளைக்கு எவன் என்னையக் கொத்தனார்னு கூப்புடுவான்?"

"ரெண்டு சுவரு கட்டினா மறுபடி காச்சுப் போகுது. மொதல்ல மருந்து ஏத்தறது முடியட்டும்."

வாசலில் பைக் நின்றது. மேஸ்திரி மஞ்சுநாத், கையில் இளநீர்க் குலையோடு உள்ளே வந்தான். நஞ்சன்கூடு ரோட்டில் கரியப்பன் வேலை பார்த்த கட்டடத்துக்கு அவன்தான் பொறுப்பு. கரியப்பன் கூச்சத்தில் கையை மறைக்கப் பார்த்தான். பஞ்சவர்ணம் விடவில்லை.

மஞ்சுநாத் பாயில் உட்கார்ந்து அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சிரிக்கவில்லை.

"கரியண்ணா, ஏனூ யோசனை மாடபேடி, ஒண்ணும் கவலைப்படாதீங்க. ட்ரீட்மெண்ட் முடியற வரைக்கும் நீங்க கலவை தொட வேணாம். சும்மா கேட்டுல உக்காந்து லாரி வர்றதப் பாத்துக்குங்க. ஆஸ்பத்திரி இருக்கற நாள்ல வரவே வேணாம். ஓனர்கிட்ட பேசிட்டேன்."

"உங்களுக்கு எதுக்குங்க இத்தன சிரமம்?"

"எங்க வீட்டு மாடி யார் கட்டினது? நீங்கதானே அண்ணா. மழைக்கு ஒரு சொட்டு உள்ள வரல. எங்கம்மா இன்னும் சொல்லுவாங்க."

அவன் கிளம்பிப் போன பிறகும் கரியப்பன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மனுசங்க இருக்கறாங்க அம்மிணி" என்றான்.

"இருக்கறாங்க. இல்லீன்னா நாம இத்தன தூரம் வந்திருப்பமா? அந்தக் கையக் குடுங்க."

இடது கைச் சுண்டுவிரலும் முடிந்தது. அவள் அவன் உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தாள். எங்கும் உறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"இப்பச் சரியாருக்குது. நான் போயி மேலுக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டு வந்தர்றேன். அந்தச் சட்டித் தண்ணியக் கொட்டிட்டுக் கதவச் சாத்துங்க."

கரியப்பன் தண்ணீரைக் கொட்டினான். கதவைச் சாத்தினான். விளக்கைப் போட்டுத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இந்த ஊரில் எத்தனையோ வீடுகளை எழுப்பிய கைகள். ஆனால் இவ்வளவு பொறுமையாக யாரும் அவற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

'மாதேஸ்வரா, இன்னிக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கோ' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கிரீமைத் திறந்து உள்ளங்கையில் எடுத்துக்கொண்டான்.

குளித்துவிட்டு வந்த பஞ்சவர்ணம் ஈரம் காய்வதற்கு முன் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கீமோவில் முடியெல்லாம் உதிர்ந்துபோன தலையைக் குனிந்துகொண்டு, "இன்னிக்குப் பயப்படாமத் தடவுங்க மாமா" என்றாள். செதில் செதிலாக உரிந்திருந்த அவள் தோளில் கரியப்பன் கையை வைத்தான். இந்த முறை அவள் வலியில் நெளியவில்லை.