வெறும் டப்பா

டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி காலையில் அந்த வீட்டில் இருந்தவர்கள்: அடுப்பருகே பாக்கியமேரி. கட்டிலில் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டியிருந்த அவள் கணவன் பெஞ்சமின். முறுக்குப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்த மகள் பிரிஸ்கில்லா. மூன்று பேர்.

அலமாரியில் நான்கு டப்பாக்கள். அவை இவர்களுடையவை அல்ல. தீபாவளிக்கு நான்கு வீடுகளிலிருந்து அதிரசமும் முறுக்கும் வந்த டப்பாக்கள். பாக்கியமேரி அவற்றைத் திருப்புவது கிறிஸ்துமஸுக்குத்தான், தன் பலகாரத்தைப் போட்டு. ஒரு வருஷமும் வெறும் டப்பாவாகத் திருப்பியதில்லை.

இந்த வருஷம் சிரமம். நெல் மூட்டை இறக்கும்போது பெஞ்சமினுக்குக் கால் முறிந்தது. இரண்டு மாதமாகக் கூலி இல்லை. அதனால் புதுத்துணி இல்லை, கேக் இல்லை. முறுக்கு மட்டும்.

சுட்டு முடித்து எண்ணினாள். அறுபத்து மூன்று.

"டப்பாவுக்குப் பதினஞ்சு. நாலு டப்பாவுக்கு அறுபது."

"அப்ப நமக்கு மூணுதானாம்மா?" என்றாள் பிரிஸ்கில்லா.

"ஆளுக்கு ஒண்ணு. கிறிஸ்துமஸ் அன்னிக்குத் துன்னலாம். இப்ப கை வெக்காத."

"ஒடஞ்சது ஏதாச்சும் கீதா?"

"ஒண்ணுகூட ஒடயல."

பெஞ்சமின் தலையைத் தூக்கினான். "டப்பாவுக்குப் பத்து போட்டா இன்னா மேரி?"

"அவங்க ரொப்பிக் குடுத்தாங்க. நான் அர டப்பா குடுக்கறதா?"

அவன் தலையை மறுபடி சாய்த்துக்கொண்டான்.

அப்போது வாசலில் எதிர்வீட்டு முனியம்மாளின் குரல் கேட்டது.

"மேரி! என் டப்பா எங்க?"

"நாளான்னிக்கு நானே எடுத்தாறேங்க்கா."

"நாளான்னிக்கு வந்து எனக்கு இன்னா ஆவப்போவுது? இப்ப குடு. மருமவளுக்கு ஊறுகா போட்டு அனுப்பணும். ஒம்போதரை பஸ்ஸுக்குப் போறா."

"ரெண்டு நிமிசம் இருங்கக்கா. முறுக்கு எடுத்து வெச்சு..."

"முறுக்கு கிறுக்கு ஒண்ணும் வேணாம். டப்பாவ மட்டும் குடு."

வாங்கினாள். உள்ளே ஏதும் இல்லையே என்பதுபோல் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினாள். போய்விட்டாள்.

பாக்கியமேரியின் முகம் சுண்டிப்போனது.

கால் மணி நேரத்தில் செவ்வந்தி வந்தாள். "சக்கரையில எறும்பு மொய்க்குது. என் டப்பாவக் குடு." அவளுக்கும் முறுக்கு வேண்டாமாம்.

அடுத்து கல்பனா. "டப்பா என்னுது இல்லக்கா, மாமியாருது. எங்க டப்பா, எங்க டப்பான்னு ஒரே பேஜார் பண்ணிக்கினு கீது."

கடைசியாக அம்முலு. "எனக்கும் டப்பா வேணும்."

"உனக்கு எதுக்குடி?"

அம்முலு கொஞ்சம் யோசித்தாள். "எதுக்குன்னா... மூடி வெக்கத்தான்."

நான்கு டப்பாக்களும் வெறுமனே போயின.

பாக்கியமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இத்தினி வருசமா துன்னவங்கதானே? இப்ப மட்டும் நம்ம வூட்டுப் பலகாரம் கசக்குதா?"

"அவங்க டப்பா, அவங்க கேக்கறாங்க. வுடு," என்றான் பெஞ்சமின்.

"நான் டப்பாவுக்கா அழுவறேன்?"

அறுபத்து மூன்று முறுக்கும் பாத்திரத்தில் அப்படியே இருந்தன. இரண்டு நாளும் பிரிஸ்கில்லா ஒன்றுகூடக் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று பாக்கியமேரியும் பிரிஸ்கில்லாவும் உத்திரமேரூர் சர்ச்சுக்குப் போய்த் திரும்பியபோது மணி பத்து. கதவைத் திறந்து உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் நான்கு பேர் வந்து நின்றார்கள். முனியம்மாள், செவ்வந்தி, கல்பனா, அம்முலு.

பாக்கியமேரி வா என்று சொல்லவில்லை.

"இன்னாடி, பண்டிக அன்னிக்கு வந்தவங்கள வாசல்லயே நிக்க வெச்சிக்கினு கீற?" என்றாள் முனியம்மாள். "முறுக்கு எங்க?"

"வேணாம்னுதானே டப்பாவ எடுத்துக்கினு போனீங்க?"

"டப்பாவா முறுக்கு துன்னுது? நாங்கதான் துன்றோம். கொண்டா இங்க."

சொல்லிக்கொண்டே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். மற்ற மூவரும் உட்கார்ந்தார்கள். பிரிஸ்கில்லா பாத்திரத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள்.

"நல்லா மொறுமொறுன்னு கீதுக்கா," என்றாள் கல்பனா.

பாக்கியமேரி பழைய பேப்பரைக் கிழித்தாள். "இருங்க, கட்டித் தரேன். ஆளுக்குப் பதினஞ்சு."

"எங்களுக்கு கீற பல்லுக்குப் பதினஞ்சா? ஒண்ணு போதும்," என்றாள் முனியம்மாள்.

"எனக்குப் பல்லு நல்லாத்தான் கீது," என்று அம்முலு இன்னொன்று எடுத்தாள். செவ்வந்தி அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

பாக்கியமேரி கேட்கவில்லை. பேப்பரை விரித்து, ஒன்று, இரண்டு என்று எண்ணி வைக்க ஆரம்பித்தாள். நான்காவது முறுக்கை எடுக்கும்போது முனியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காதருகே குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"மாவு மிஷின்ல உனக்குப் பின்னால நின்னவ நான்தான்டி. ஒரு படி அரிசியில எத்தினி டப்பா ரொம்பும்னு எனக்குத் தெரியாதா?"

பாக்கியமேரி பேப்பரில் இருந்த மூன்றையும் மறுபடி பாத்திரத்தில் போட்டாள்.

அவர்கள் போனதும் பிரிஸ்கில்லா பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு எண்ணினாள். நம்பாமல் இரண்டாம் முறையும் எண்ணினாள்.

மீதி ஐம்பத்தெட்டு.