கேசட்டுக்கு விழுந்த கைதட்டல்

2001 மே 15. புத்தூர் கங்கையம்மன் ஜாத்திரையில், 'கோல்டன் பீட்ஸ்' இசைக்குழுவின் பாடகன் ஒரு வரிகூடப் பாடவில்லை. கேசட் பாடியது, அவன் வாயை மட்டும் அசைத்தான்.

குவைத்திலிருந்து அன்று காலைதான் திரும்பியிருந்த திருவேங்கடத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நகரி முதல் நாயுடுபேட்டை வரை ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த குழு அது. கிதார்க்காரர் தடா ஊரிலுள்ள தொழிற்சாலைக்கும் டிரம்ஸ்காரர் பெங்களூருக்கும் பிழைக்கப் போய்விட்டனர். மிஞ்சிய கீபோர்டு ஹேமநாத் இப்படி ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா கொரலுப்பா!" என்று பக்கத்திலிருந்தவர் உருகினார்.

பாட்டு முடிந்ததும் திருவேங்கடம் மேடைக்குப் பின்னால் பாய்ந்தார். "ஹேமா, வெக்கமா இல்லியா? எத்தினி நாளா ஏமாத்திக்கினு இருக்கே? நான் இனிமே இங்கதான் இருக்கப் போறேன். எனக்கு மேடைய குடு, நான் பழையபடி பாடறேன்."

"பாடுண்ணா" என்றார் ஹேமநாத், தலை நிமிராமல்.

திருவேங்கடம் அங்கேயே நின்று பாடிக் காட்டினார். குவைத்தின் பாலைவனப் புழுதி அரித்த குரல் இரண்டாம் வரியிலேயே உடைந்தது.

வாயசைத்த பிரவீன் சிரித்துவிட்டான். "பெரியவரே, கேசட்ல பாடறாரே, அவரு கால்தூசிக்கு ஆவுமா இந்தக் கொரலு?"

"வாய மூட்றா!" என்று ஹேமநாத் சீறினார். "அதுல பாடறதே இவருதாண்டா. குவைத்துக்குப் போறதுக்கு முந்தி ஞாபகத்துக்குன்னு பாடிக் குடுத்துட்டுப் போனாரு."

வெளியே கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்டது. ஹேமநாத் கேசட்டைப் பின்னுக்குச் சுற்றினார், பிரவீன் மேடையேறினான்.

கைதட்டும் வாசகரே, அடுத்த முறை அந்தக் குரல் யாருடையது என்று கேட்டுவிட்டுத் தட்டுங்கள்!